மழைக்காலமும் வண்டியின் டயரும்

வீடு திரும்பும் நாளில் மருந்து, உணவு, அடுத்த பரிசோதனை நாள் ஆகியவற்றைக் குடும்பத்தார் எங்களிடம் பலமுறை கேட்டறிகின்றனர். எந்த வண்டியில், எத்தகைய சாலையில் செல்லப் போகிறோம் என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம். வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும் என்பதே காரணம். வில்லாபுரத்தில் பனி விழுவதில்லை. ஆயினும் பிடிப்பை இழக்கச் செய்யும் பருவம் நமக்கும் உண்டு. அதுதான் மழைக்காலம்.

பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீருடன் கலந்து வழுக்கும். டயரின் பள்ளங்கள் நீரை ஓரங்களுக்குத் தள்ளினால்தான் ரப்பர் சாலையைத் தொடும். பட்டன் தேய்ந்த டயரால் அது இயலாது. பிரேக் பிடித்தாலும் வண்டி நெடுந்தூரம் சென்றே நிற்கும்.

பள்ளத்தின் ஆழம் இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டருக்கும், காருக்கு 1.6 மில்லிமீட்டருக்கும் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அளவுகோல் தேவையில்லை. பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அவற்றோடு சமமாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். மழையில் ஓட்டுவோர் அந்த எல்லை வரை காத்திராமல் முன்னரே மாற்றுவது நன்று. பக்கவாட்டில் வெடிப்பு உள்ளதா என்றும் பாருங்கள். காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் சரிபாருங்கள். பின்னால் ஒருவர் அமர்வதாயின் பின் டயருக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படலாம். வண்டியின் கையேட்டில் அந்த அளவு இருக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்தவரையும், கைகால்களில் மாவுக்கட்டு உள்ளவரையும் மழையில் இருசக்கர வண்டியில் அழைத்து வர வேண்டாம். அவரால் உறுதியாகப் பிடித்து அமர இயலாது. சிறு சறுக்கலும் ஆறிவரும் புண்ணைக் குலைத்துவிடும். ஆட்டோவிலோ காரிலோ வாருங்கள். கனமழையாயின் தொலைபேசியில் தெரிவித்து, மருத்துவர் இசைந்தால் வேறு நாள் பெறலாம். நிலைமை மோசமானால் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

தாமதமாக வருவோரை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. பரிசோதனைக்கு வரவேண்டியவர் விபத்துப் பிரிவுக்கு வருவதே எங்களை வருத்துகிறது.