பிரேக் காலிப்பருக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா? பெயின்ட் படவே கூடாத இடங்கள் எவை?

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சிக்னலில் வந்து நின்றால், அலாய் வீல் இடைவெளியில் பளிச்சென்று தெரியும் சிவப்பு நிற பாகத்தின் மேல்தான் பலருக்கும் கண் போகும். அதுதான் பிரேக் காலிப்பர். நம்ம காரிலும் அதே மாதிரி சிவப்போ மஞ்சளோ அடிச்சா என்ன என்ற ஆசை, கார் பிரியர்கள் பலருக்கும் உண்டு.

வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். ஒரு வார இறுதியும், சரியான பெயின்டும், கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் கதவுக்கோ பம்பருக்கோ பெயின்ட் அடிப்பது போல இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே தப்பு நடந்தால் அழகுதான் கெடும். இங்கே தப்பு நடந்தால் பிரேக்கே கெடலாம்.

காலிப்பர் என்ன வேலை செய்கிறது?

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் டிஸ்க்கை, இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கிதான் காலிப்பர். பிரேக் பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது. பேட் டிஸ்க்கைப் பிடிக்கிறது. காரின் வேகம் அங்கே வெப்பமாக மாறுகிறது.

எவ்வளவு வெப்பம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் இருந்து நிற்கும்போது சுமார் 580 கிலோஜூல் ஆற்றல் வெளியாகிறது. 20 டிகிரியில் இருக்கும் ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். அதே கார் 200 கி.மீ. வேகத்தில் இருந்து நின்றால் ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. ரேஸ் டிராக்கில் டிஸ்க்கின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். காலிப்பர் அந்த அளவுக்குச் சூடாகாது என்றாலும், அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் இங்கே வேலைக்கு ஆகாது. சில வாரங்களிலேயே நிறம் மங்கும், உரியும். காலிப்பருக்கென்றே தயாரிக்கப்படும், அதிக வெப்பத்தைத் தாங்கும் பெயின்ட்தான் வாங்க வேண்டும். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் பட்டாலே சாதாரண பெயின்ட் கரைந்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

கலர் மாற்றினால் பிரேக் நல்லா பிடிக்குமா?

பிடிக்காது. இரும்புக் காலிப்பர் துருப்பிடிக்காமல் பெயின்ட் பாதுகாக்கும். பார்க்க அழகாக இருக்கும். அவ்வளவுதான். கார் நிற்கும் தூரத்தில் ஒரு அடிகூடக் குறையாது.

அப்படியானால் கார் நிறுவனங்கள் ஏன் கலர் அடிக்கின்றன? சில நிறுவனங்களுக்கு அது ஓர் அடையாள மொழி. ஜெர்மனியின் போர்ஷே இதற்கு நல்ல உதாரணம். அங்கே மஞ்சள் காலிப்பர் என்றால் உள்ளே செராமிக் டிஸ்க் இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளை என்றால் டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க். இது 2017-ல் அறிமுகமான புதிய கேயென் மாடலோடு வந்தது. பளீர் பச்சை, ஹைப்ரிட் மாடல்களுக்கு. சிவப்பு, அதிக சக்தி கொண்ட மாடல்களில் வரும் வழக்கமான இரும்பு டிஸ்க் பிரேக்குக்கு.

நம்ம ஊர் பக்கம் வந்தால், சென்னைக்கு அருகே உள்ள ஹூண்டாய் ஆலையில் தயாராகும் ஐ20 என் லைன் காரிலும் முன் சக்கரக் காலிப்பர்கள் சிவப்புதான். ஆக, நிறம் பிரேக்கின் வகையைச் சொல்லலாம், மாடலைச் சொல்லலாம். ஆனால் பிரேக்கின் திறனை நிறம் உருவாக்காது.

பெயின்ட் படவே கூடாத இடங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால், இதைப் படிங்க.

* பிஸ்டனும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் உறையும்: பெடலை விட்டதும் பிஸ்டன் இம்மியளவு பின்னால் வர வேண்டும். அதை இழுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்தான். பிஸ்டன் மேல் பெயின்ட் ஒட்டினால் அந்த அசைவு தடைபடும்.

* ஸ்லைடு பின்கள்: சாதாரண கார்களில் காலிப்பர் இந்தப் பின்கள் மேல்தான் முன்னும் பின்னும் நகர்கிறது. இங்கே கிரீஸ்தான் இருக்க வேண்டும், பெயின்ட் அல்ல.

* பேட் உட்காரும் தடம்: இங்கே ஒரு படலம் பெயின்ட் ஏறினாலும் பேட் இறுகிவிடும்.

* ப்ளீடர் ஸ்க்ரூ, பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் ஒயர்: ஸ்க்ரூவின் வாய் அடைபட்டால் அடுத்த சர்வீஸில் மெக்கானிக் திணறுவார்.

* வீல் வந்து உட்காரும் ஹப் முகப்பு: இங்கே தடிமனாக பெயின்ட் இருந்தால், ஓட ஓட அது நசுங்கி வீல் நட்டுகளின் இறுக்கம் குறையலாம்.

* டிஸ்க்கும் பேடும்: பேட் மேல் பெயின்டோ எண்ணெயோ ஊறிவிட்டால், துடைத்து மாட்டுவதை விட புது பேட் போடுவதே பாதுகாப்பு.

ஏன் இவ்வளவு கறார்? ஒரு சங்கிலித் தொடரைப் பாருங்க. பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகினால், பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு ஏறும். சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். புதிய டாட் 4 ஆயிலின் குறைந்தபட்ச கொதிநிலை 230 டிகிரி. ஆனால் அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய ஆயிலுக்கான அளவு 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குமிழி வரும். திரவத்தைப் போல அல்லாமல் குமிழி அழுத்தினால் சுருங்கிவிடும். அப்போது பெடலை மிதித்தால் கால் தரை வரை போகும், கார் நிற்காது.

வீட்டில் செய்வது எப்படி?

முதலில் கார் சமதளத்தில் நிற்க வேண்டும். என்ஜினும் பிரேக்கும் முழுசாக ஆறியிருக்க வேண்டும். கார் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பிறகு ஜாக்கி போடுங்க. தூக்கியதும் காரை ஸ்டாண்டு மேல் உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

சுத்தம் செய்வதுதான் பாதி வேலை. அடித்த பெயின்ட் உரிகிறது என்றால், பெரும்பாலும் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். இரும்புக் காலிப்பர் என்றால் ஒயர் பிரஷால் துருவைத் தேய்த்து எடுத்து, உப்புத்தாள் போட்டு, பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இருப்பது போல அலுமினியக் காலிப்பர் என்றால் முரட்டுத்தனம் வேண்டாம்; மெல்லிய உப்புத்தாளே போதும். ரப்பர் உறைகள் பக்கம் ஒயர் பிரஷ் போகவே கூடாது.

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீங்க. பழைய கார்களின் பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, மாஸ்க், கையுறை போட்டுக்கொள்வது நல்லது. பிரேக் கிளீனர் எளிதில் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் காற்றோட்டமான இடம் அவசியம். பக்கத்தில் வெல்டிங், சிகரெட் எதுவும் கூடாது.

அடுத்து, மேலே சொன்ன இடங்களை எல்லாம் மாஸ்கிங் டேப்பால் மூட வேண்டும். ஸ்ப்ரேயை விட பிரஷால் பூசும் பெயின்ட் புதியவர்களுக்கு வசதி, பக்கத்தில் தெறிக்காது. தடிமனாக ஒரே கோட்டிங் வேண்டாம். மெல்லியதாக இரண்டு அல்லது மூன்று கோட்டிங். ஒவ்வொன்றுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும், கடைசியில் எவ்வளவு காய வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காரை வெளியே எடுத்துவிடக் கூடாது.

காலிப்பரைக் கழற்றி அடித்தால் இன்னும் நேர்த்தியாக வருமே என்று தோன்றலாம். ஆனால் பிரேக் ஹோஸைக் கழற்றினால் லைனுக்குள் காற்று புகும். ப்ளீடிங் செய்யத் தெரிந்தவர் மட்டுமே அதில் இறங்க வேண்டும். ஹோஸைக் கழற்றாமல் காலிப்பரை மட்டும் எடுத்தால், அதை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும்.

மாட்டிய பிறகு முதல் வேலை

டேப்பை எல்லாம் எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்க. தடையில்லாமல் சுற்ற வேண்டும். வீல் நட்டுகளை கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் பிரேக் பெடலைப் பல முறை மிதித்துப் பாருங்க. பேட் பின்னால் தள்ளப்பட்டிருந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. பெடல் கெட்டியான பிறகே கார் நகர வேண்டும். ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, நிறுத்திப் பார்த்துவிட்டு சாலைக்கு வாங்க. ஓட்டி வந்த பிறகு ஒரு சக்கரம் மட்டும் அதிகச் சூடாகவோ, கருகல் வாடையோடோ இருந்தால் அந்தக் கார் நேராகப் போக வேண்டிய இடம் மெக்கானிக் கடை.

பழைய கார் வாங்குபவர்கள் கவனத்துக்கு

காலிப்பரின் நிறம் சில நேரம் சாட்சி சொல்லும். டிராக்கில் கடுமையாக ஓட்டப்பட்ட காரில் சிவப்பு நிறம் சூட்டால் பழுப்பாக மாறியிருக்கும். அதன் மேல் புது பெயின்ட் அடித்துவிட்டால் அந்தச் சாட்சி மறைந்துவிடும். சாதாரண காலிப்பருக்குச் சிவப்பு அடித்து, பிரபல பிரேக் நிறுவனத்தின் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாலும் உள்ளே இருப்பது பழைய காலிப்பர்தான். போர்ஷேயிலும் மஞ்சளைப் பார்த்து மட்டும் செராமிக் என்று நம்ப முடியாது. செராமிக் பிரேக்குக்குக் கறுப்புக் காலிப்பரையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. அதனால் நிறத்துக்கு விலை கொடுக்காமல் டிஸ்க்கின் தேய்மானம், பேடின் தடிமன், கடைசியாக பிரேக் ஆயில் மாற்றிய தேதி இவற்றைக் கேளுங்க.

ஆயில் கசிவு, கிழிந்த ரப்பர் உறை, ஒரு பக்கமாக இழுக்கும் பிரேக் – இதில் எது இருந்தாலும் முதலில் பழுதைப் பாருங்க. பெயின்ட் அடுத்த மாதம்கூட அடிச்சுக்கலாம்.