மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள்: தோண்டிய காலமும் காக்கும் காலமும்

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வரிசையாக அமைந்த 21 சிறு தீவுகளைச் சுற்றித் தமிழகக் கடலின் மிக வளமான பவளப்பாறைகள் பரவியுள்ளன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகப் பகுத்து அறியப்படும் இத்தீவுகளில் நிலையான குடியிருப்பு ஏதும் இல்லை. ஆயினும் எதிர்க்கரையில் வாழும் மீனவர்களும், சங்கு குளிப்போரும், கடற்பாசி சேகரிக்கும் பெண்களும் தலைமுறை தலைமுறையாக இவற்றைச் சார்ந்தே வாழ்ந்து வருகின்றனர். இவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்கடியில் மூழ்கிவிட்டன. அவற்றுக்கு அரணாக நின்ற பவளப்பாறையைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததே இதற்கு முதன்மைக் காரணம் என்பது கடல் ஆய்வாளர்களின் கருத்து.

இந்த அழிவு எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு நிறுத்தப்பட்டது, நிறுத்தப்பட்ட பின்னரும் பாறைகள் ஏன் தொடர்ந்து மடிகின்றன என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இக்கடலின் இன்றைய நிலை விளங்கும்.

பாறையைக் கட்டும் உயிர்

பவளப்பாறை என்பது பெயரளவில்தான் பாறை. அதன் மேற்பரப்பு முழுவதும் உயிருள்ள விலங்குகளின் குடியிருப்பு. கடற்சாமந்திக்கு நெருங்கிய உறவான, பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவேயுள்ள பவள உயிரிகள், கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தம்மைச் சுற்றிக் கிண்ணம் போன்ற கூடுகளைக் கட்டிக்கொள்கின்றன. பழைய கூட்டின் மேல் புதிய கூடு எழுந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது பெரும் பாறையாகத் திரள்கிறது. உருண்டை வடிவப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. மான்கொம்பு போலக் கிளைவிடும் வகைகள் அதைவிடப் பல மடங்கு விரைவாக வளர்கின்றன, அதே வேகத்தில் ஒடியவும் செய்கின்றன.

இந்த உயிரிகளின் திசுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியைப் பவளத்துக்கு அளிக்கின்றன; பவளமோ அவற்றுக்கு இடமும் காப்பும் தருகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இந்தப் பாசிகளால் வருவதே. ஆகையால் ஒளி புகும் தெளிந்த நீரும், மிகாத வெப்பமும், குறைந்த வண்டலும் பவளத்துக்கு இன்றியமையாதவை. இவற்றில் எது கெட்டாலும் இந்தக் கூட்டுவாழ்க்கை குலைந்துவிடுகிறது.

மன்னார் வளைகுடாவில் இருப்பவை பெரும்பாலும் கரையோரப் பவளப்பாறைகள், அதாவது தீவின் விளிம்பை ஒட்டியே ஆழமற்ற நீரில் வளர்பவை. இங்குள்ள கல்பவளங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சி. எஸ். கோபிநாத பிள்ளை 94 இனங்களைப் பதிவு செய்தார்; பிற்கால ஆய்வுகளில் இந்த எண்ணிக்கை 117 ஆக உயர்ந்தது. மீன்கள் குஞ்சு பொரிக்கவும், இறால், சிங்கி இறால், நண்டு போன்றவை ஒதுங்கி வளரவும் இப்பாறைகளே இடம் தருவதால், கரையில் வலை வீசுபவரின் வருவாய்க்கும் பாறையின் நலத்துக்கும் உள்ள உறவு மிக நேரடியானது.

காளவாய்க்குப் போன கடல்

இந்தக் கடற்கரையில் கட்டடக் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பவளத்தைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவரை அருகில் சென்று பார்த்தால், அதன் கற்களில் விண்மீன் வடிவச் சிறு குழிகள் நெருக்கமாகப் பதிந்திருப்பதைக் காணலாம். அவை ஒவ்வொன்றும் ஒரு பவள உயிரி குடியிருந்த இடம். ஊர்த் தேவைக்குச் சிறிதளவு எடுக்கப்பட்ட வரை, கடல் அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேவையின் அளவே மாறிவிட்டது. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும், கால்சியம் கார்பைடு போன்ற பொருள்களைச் செய்யும் ஆலைகளுக்கும் மூலப்பொருளாகப் பவளம் கொண்டுசெல்லப்பட்டது. கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் வள்ளங்களில் தீவுகளுக்குச் சென்று, கடப்பாரையால் பாறையைப் பெயர்த்து, உயிருள்ளது உயிரற்றது என்ற வேறுபாடின்றி அள்ளி வந்தனர். மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகியோர் இதன் விளைவுகளை அப்போதே எழுதி எச்சரித்தனர். உலக அளவிலான முதல் பவளப்பாறைக் கருத்தரங்கு 1969 ஜனவரியில் மண்டபத்தில்தான் நடைபெற்றது. அறிஞர்கள் கூடிய அந்த ஊரை ஒட்டிய கடலிலேயே பாறைகள் அள்ளப்பட்டுக்கொண்டிருந்தன என்பது, அறிவு மட்டும் அழிவைத் தடுத்துவிடாது என்பதற்கு வலிமையான சான்று.

வெடிவைத்து மீன் பிடிப்பதும், அடித்தளத்தை வாரிச் செல்லும் இழுவலைகளும் எஞ்சிய பாறைகளைச் சிதைத்தன. மன்னார் வளைகுடாவில் இருந்த ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் பவளப்பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே சீரழிந்துவிட்டதாகத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பு கூறுகிறது.

சட்டமும் சுனாமியும்

1986-இல் தமிழக அரசு இத்தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் 560 சதுர கிலோமீட்டர் பரப்பளவில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் வளைகுடாவின் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன்பின் பவளத்தை உடைப்பதும் விற்பதும், சட்டத்தின் பார்வையில், புலியை வேட்டையாடுவதற்கு நிகரான குற்றமாயின. 2022-இல் இப்பகுதி ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலமாகவும் அங்கீகாரம் பெற்றது.

எனினும் பூங்கா அறிவிக்கப்பட்ட பின்னரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தோண்டுவது தொடர்ந்தது. பிழைப்புக்கு வேறு வழியில்லாதவரிடம் சட்டத்தை மட்டும் காட்டினால் போதாது என்பதை வனத்துறையும் உணர்ந்தது. 2000-இல் அமைக்கப்பட்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை, கரையோரச் சிற்றூர்களில் குழுக்களை உருவாக்கி, மாற்றுத் தொழில்களுக்குக் கடன் வழங்கும் பணியை மேற்கொண்டது.

இந்நிலையில் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி தாக்கியது. பவளப்பாறை எத்தகைய அரண் என்பதை அன்று இலங்கையின் தென்மேற்குக் கரை காட்டியது. பாதுகாக்கப்பட்ட பாறையை உடைய இக்கடுவையில் அலை இரண்டு மூன்று மீட்டர் உயரமே எழுந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பவளம் பெருமளவு தோண்டப்பட்டிருந்த பெரேலியாவில் அலை சுமார் பத்து மீட்டர் உயர்ந்து நெடுந்தொலைவு உள்ளே புகுந்தது. அங்குதான் தொடர்வண்டி ஒன்று முழுவதுமாக அடித்துச் செல்லப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுனாமிக்குப் பின் தூத்துக்குடிக் கரையிலும் பாறையின் மதிப்பு குறித்த விழிப்புணர்வு வளர்ந்தது, கண்காணிப்பும் இறுகியது. 2005-க்குப் பின் பவளம் தோண்டுவது ஏறத்தாழ நின்றுபோனது.

அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 2005-இல் கடலடிப் பரப்பில் சுமார் 37 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளம், 2009-இல் ஏறத்தாழ 43 விழுக்காடாக உயர்ந்தது. கடப்பாரையை நிறுத்தினால் கடல் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வெளுக்கும் பவளம்

கோடையில் வழக்கமாக எட்டும் உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடி, அந்நிலை சில வாரங்கள் நீடித்தாலே பவள உயிரிகள் தம்முள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன. நிறமிழந்த திசுவின் வழியே வெண்ணிற எலும்புக்கூடு தெரிவதால் இதனைப் பவள வெளுப்பு என்பர். வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் மீண்டும் குடியேற, அது பிழைத்துக்கொள்ளும். வெப்பம் நீடித்தால் பட்டினியால் மடியும்.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் உலகக் கடல்கள் பலவற்றிலும் நிகழ்ந்த பெரும் வெளுப்பு மன்னார் வளைகுடாவையும் தாக்கியது. 2010-இல் உயிருள்ள பவளம் 33 விழுக்காடாகக் குறைந்து, பின்னர் மெல்ல 39 விழுக்காட்டை எட்டியது; 2016-இல் அது 22.7 விழுக்காடாக வீழ்ந்தது. மூன்று பத்தாண்டுகளாகச் சட்டம் கொண்டும் சமூக முயற்சி கொண்டும் காக்கப்பட்டதில் கணிசமான பங்கை ஒரே கோடை கொண்டுபோயிற்று. 2024-இல் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. இரு வெளுப்புகளுக்கு இடையே பாறைகளுக்குக் கிடைக்கும் ஓய்வுக்காலம் சுருங்கிவருவதே இப்போதைய பேரிடர்.

மீட்பின் வழிகள்

உள்ளூர்ப் பாதுகாப்பு இனிப் பயனற்றது என்று இதிலிருந்து முடிவு செய்வது பெரும் பிழை. தெளிந்த நீரில், போதிய மீன்கள் மேயும் இடத்தில் உள்ள பாறை வெளுப்பிலிருந்து மீளும்; கழிவும் வண்டலும் சூழ்ந்த பாறையில் பவளம் மீளும் முன்பே பாசி படர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வணிகத்துக்காக வளர்க்கப்பட்ட காப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுக் கடற்பாசி, வளைகுடாத் தீவுகளுள் ஒன்றான குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மீது போர்வைபோல் படர்ந்திருந்தது 2008-இல் பதிவானது. வெளியிலிருந்து ஓர் உயிரினத்தைக் கொண்டுவரும்போது எத்தனை எச்சரிக்கை தேவை என்பதை அது உணர்த்தியது.

2002 முதல் தூத்துக்குடி ஆய்வாளர்கள் நலமான பவளங்களின் சிறு துண்டுகளைச் சிமென்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகின்றனர். அலையரிப்பால் சுருங்கிவந்த வான் தீவைச் சுற்றி, துளைகளையுடைய கான்கிரீட் கட்டமைப்புகள் செயற்கைப் பாறைகளாக இறக்கப்பட்டுள்ளன; அவை அலையின் வேகத்தைத் தணித்து, மீன்களுக்கும் புதிய பவளங்களுக்கும் இடமளிக்கின்றன. பாம்பன் அருகே கடற்பாசி சேகரிக்கும் பெண்கள், பாசி மீண்டும் வளர்வதற்காக மாதத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் கடலில் இறங்குவதில்லை என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி 2015-இல் சீக்காலஜி என்னும் பன்னாட்டு அமைப்பின் பரிசைப் பெற்றார். தடைகளின் சுமையைத் தாங்குபவரே பாதுகாப்பின் பங்காளியாகவும் இருக்க முடியும் என்பதற்கு இப்பெண்கள் சான்று.

கடலில்லா நகரின் கடமை

கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள பெங்களூரு அல்சூரின் தமிழ் வாசகருக்கும் இதில் பங்குண்டு. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்த நீரில் உயிர்வளி குறைந்ததே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. கழிவுநீரின் சத்து மிகுந்து, பாசி பெருகி, பிற உயிர்கள் மடியும் அதே நிகழ்முறைதான் பவளப்பாறையிலும் நிகழ்கிறது. அல்சூர் ஏரியின் வடிகால் பெல்லந்தூர் வழியே தென்பெண்ணையில் சேர்ந்து, கடலூருக்கு அருகே வங்கக் கடலை அடைகிறது. அந்நீர் மன்னார் வளைகுடாவைத் தொடாவிட்டாலும், நகரம் எரிக்கும் எரிபொருளின் கரிவளி எல்லாக் கடல்களையும் சூடேற்றுகிறது.

ஆகவே பணி இருவகைப்படும். தூத்துக்குடி, இராமநாதபுரம் கரைகளில் கழிவுநீரைத் தூய்மைப்படுத்துவது, அடித்தளம் வாரும் வலைகளைப் பாறைப்பகுதிக்கு வெளியே நிறுத்துவது, பாறையில் சிக்கிய வலைகளை அகற்றுவது, கரையோர மக்களுக்கு நிலையான வருவாய் அமைத்துத் தருவது ஆகியவை மாநில அரசாலும் ஊர்க்குழுக்களாலும் உடனே செய்யக் கூடியவை. கரிவளியைக் குறைப்பது நாடுகளும் நகரங்களும் சேர்ந்து செய்ய வேண்டியது. முதல் பணி பாறைகளுக்குக் காலத்தை ஈட்டித் தரும்; இரண்டாவது பணி நிறைவேறாவிடில் அந்தக் காலம் வீணாகும். கடப்பாரையைக் கீழே வைத்த மீனவர்கள் தம் பங்கைச் செய்துவிட்டனர். இனிச் செய்ய வேண்டியது மற்றவர்களின் பங்கு.