எலுமிச்சை மரமும் ஜலக் குறைவும்

தென்காசி ஜில்லாவில் சிவகிரி, புளியங்குடி முதலிய மலையடிவாரப் பிரதேசங்களில் எலுமிச்சை முக்கியமான தோட்டப் பயிராகும். தோட்டங்களிற் பல கிணற்றையே நம்பியிருப்பதால், வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷங்களில் மகசூலுக்கு மட்டுமன்றி மரங்களின் ஆயுளுக்கே ஆபத்து நேரிடுகிறது. எனினும் ஜலக் குறைவு எக்காலத்தும் தீங்கன்று. அது நேரும் தருணத்தைப் பொறுத்தே நன்மையும் தீமையும் விளைகின்றன.

மண்ணில் ஈரம் குறையும்போது இலைகளிலுள்ள நுண்ணிய துவாரங்கள் மூடிக்கொள்ளுகின்றன. அதனால் கரியமில வாயு உட்புகுவது தடைப்பட்டு, இலைகள் ஆகாரம் தயாரிப்பது குன்றுகிறது. தளிர் வளர்ச்சி நின்று மரம் ஓய்வடைகிறது. இவ்வோய்வுக்குப் பின் நீர் கிடைத்தால் மரம் ஒருமிக்கப் பூக்கும். இத்தாலியின் சிசிலித் தீவினர் கோடையில் எலுமிச்சைக்கு நீரை நிறுத்திப் பின் பாய்ச்சி, மறு கோடையில் காய் பறிப்பது இக்காரணம் பற்றியே. அங்குள்ள இனம் வேறாயினும் தத்துவம் ஒன்றே.

மழை ஓய்ந்தபின் மார்கழியில் நீரை நிறுத்தி வைக்கலாம். ஈரம் தங்காத செம்மண்ணில் சில வாரங்களே போதும். கரிசலில் சற்று அதிகமாகும். இலைகள் லேசாக வாடிச் சுருளுவதே அளவு. நுனிக்கிளைகள் காயும்வரை விடலாகாது. பின்னர் எருவிட்டு, முதலில் கொஞ்சமாகவும், சில நாள் சென்று வழக்கப்படியும் பாய்ச்ச வேண்டும்.

பூத்துப் பிஞ்சு பிடித்தபின் ஏற்படும் வறட்சியோ பெருங்கேடு. பிஞ்சுகள் உதிரும்; எஞ்சியவை சிறுத்துச் சாறு குறையும். நெடுநாள் வாடிய மரத்திற்குத் திடீரென்று மிகுதியாகப் பாய்ச்சினால் காய்கள் வெடிப்பதும் உண்டு. ஆகையால் கிணற்று நீர் சொற்பமாயின், அதனை இப்பருவத்திற்கென்று சேமித்தல் அவசியம்.

நீர் இதற்கும் போதாதாயின், காய்களை உதிர்த்துவிட்டு மரத்தைக் காப்பதே விவேகம். ஒரு வருஷ மகசூல் போனால் மறு வருஷம் கிடைக்கும். காய்க்கும் மரம் பட்டுப்போனால், புதுக்கன்று பலன்தரப் பல வருஷங்கள் செல்லும். காய்ந்த கிளைகளைக் கழித்து, பாத்தியில் கரும்புச் சோகை அல்லது சருகைப் பரப்புதல் நலம். அடிமரத்தில் நீர் தேங்கினால் பிசின் வடியும் நோய் வருமாதலால், தூரைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். சொட்டு நீர்ப் பாசனம் உள்ள நீரை வீணாக்காது வேருக்குச் சேர்க்கும்.

குளத்தில் நீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும். ஆகவே மழைக்கு முன்பே வரத்துக்கால்களைச் செப்பனிடுவதில் கிராம அதிகாரிகளும் குடியானவர்களும் ஒத்துழைப்பார்களாயின், தோட்டங்கள் வறட்சியைத் தாங்கி நிற்கும்.