உங்களுக்குத் தெரியுமா? பாலைவனத்துக்குள் ஒரு ஐரோப்பிய எல்லை

ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே ஜிப்ரால்டர் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர்தான். ஆனால் ஐரோப்பாவின் எல்லைக் காவல் கடலோடு நிற்கவில்லை. சஹாராவின் விளிம்பில், நைஜர் நாட்டின் அகாதேஸ் நகரம் வரை நீண்டது.

அங்கிருந்து லிபியாவுக்குக் கிளம்பும் பிக்கப் வண்டிகளின் பின்பக்கம் குடிபெயர்வோர் இருபது, முப்பது பேர் நெருக்கியடித்து உட்காருவார்கள். ஓரத்தில் இருப்பவர்கள் காலை வெளியே தொங்கப்போட்டு, மூட்டைகளுக்கிடையே செருகிய கம்பை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். பிடி நழுவினால் மணலில்தான்.

2015-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவோடு நைஜர் இப்படி ஆட்களை ஏற்றிச் செல்லும் தொழிலைச் சட்டம் போட்டுக் குற்றமாக்கியது. மேற்கு ஆப்பிரிக்க நாட்டவர் விசா இல்லாமல் அண்டை நாட்டில் 90 நாள் தங்கலாம் என்ற 1979-ஆம் ஆண்டு உடன்படிக்கை இருந்தும் இப்படி! வண்டிகள் பறிமுதலாயின, ஓட்டுநர்கள் சிறைக்குப் போனார்கள். மிஞ்சியவர்கள் ரோந்துக்குப் பயந்து, கிணறுகள் உள்ள பழைய தடத்தை விட்டு விலகி ஓட்டினார்கள். அந்தப் பாதையில் வண்டி பழுதானால் தண்ணீர் கிடையாது. பலர் அப்படித்தான் செத்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் மால்டாவின் வல்லெட்டாவில் இரு கண்டத் தலைவர்களும் குடிபெயர்வு பற்றிப் பேசக் கூடினார்கள். 180 கோடி யூரோவில் நிதியம் தொடங்கியது. சட்டப்படி ஐரோப்பாவுக்கு வருவதற்கான வழிகளும் பேசப்பட்டன. தடுக்கும் வேலை ஆப்பிரிக்காவுக்கு, விசா தரும் அதிகாரம் ஐரோப்பாவுக்கு என்றால் அதைச் சரிசமமான ஒத்துழைப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2023 நவம்பரில் நைஜரின் இராணுவ அரசு அந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்தது. அகாதேஸிலிருந்து வண்டிகள் மறுபடி வெளிப்படையாகப் புறப்பட்டன.