நம் வேட்பாளரை நமக்குத் தெரியுமா?

1952 ஜனவரியில் சென்னை மாநிலத்து மக்கள் முதல் மக்களவைக்கு ஓட்டுப் போட்டபோது, வாக்குச்சாவடி மறைப்புக்குள் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி இருந்தது. பெட்டியில் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை, சோஷலிஸ்டுகளுக்கு மரம், கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள். சீட்டில் முத்திரை குத்தும் வேலை கிடையாது. பிடித்தவர் பெட்டி எதுவோ, அதில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்களை நம்பி, தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நடத்திக் காட்டிய தேர்தல் அது. நாடு முழுவதும் 489 இடங்கள், 1,874 வேட்பாளர்கள், சுமார் 17 கோடி வாக்காளர்கள்.

அன்றைய வேட்பாளர் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராக வந்தார். மந்தையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்துக் கூட்டம் போட்டார். பிறகு யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். இரவு நேரமாகிவிட்டால் அந்த ஊரிலேயே சாப்பிட்டுப் படுத்தவர்களும் உண்டு. அவர் பேச்சு எப்படி, பழக்கம் எப்படி, யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார், யார் தெருவுக்குள் போகாமல் திரும்பினார் என்பதெல்லாம் மறுநாள் காலை டீக்கடையில் பேச்சாகும். ஒரு மனிதரை எடைபோட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. வேட்பாளருக்கு எத்தனை ஏக்கர் நிலம், எவ்வளவு கடன், அவர் மேல் என்ன வழக்கு என்று கேட்க வாக்காளருக்கு வழியே இல்லை. பண்ணையாரே வேட்பாளராக நின்றால் கேட்கும் துணிவும் இல்லை. டெபாசிட் 500 ரூபாய். அன்றைக்கு அது ஒரு கிராமத்து ஆசிரியரின் பல மாதச் சம்பளம். இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொல்லித் தங்கள் பெயரைச் சொல்லாததால், சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலேயே இடம்பெறவில்லை. இவர்களில் பெரும்பாலோர் வட மாநிலத்தவர்.

அந்த 500 ரூபாய் 1996 வரை மாறவே இல்லை. விலைவாசி ஏற ஏற, தேர்தலில் நிற்பது மலிவானது. 1996-இல் ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் களத்தில் இருந்தார்கள். ஃபுளோரைடு கலந்த தண்ணீரால் எலும்பு வளைந்துபோன மாவட்டம் அது. எங்கள் குடிநீரைப் பாருங்கள் என்று தில்லிக்குச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழி வேட்பு மனுதான். அவர்கள் செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதே ஆண்டு டெபாசிட் பத்தாயிரம் ஆனது. பிரச்சாரத்துக்கான குறைந்தபட்சக் காலமும் 20 நாளிலிருந்து 14 நாளாகச் சுருங்கியது. இப்போது டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி.

2024-இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 950 பேர் நின்றார்கள். கரூரில் மட்டும் 54 பேர். ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தில் 16 பொத்தான்கள்தான் என்பதால், நோட்டாவையும் சேர்த்து அங்கே நான்கு இயந்திரங்களை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நிற்க, அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். பொத்தானுக்குப் பக்கத்தில் வேட்பாளர் படத்தையும் போடும் வழக்கம் 2015-இலிருந்து வந்ததால், வாக்காளர் ஆளைப் பார்த்தாவது அடையாளம் காண முடிந்தது.

வேட்பாளர் நேரில் வரும் விதமோ முற்றிலும் மாறிவிட்டது. நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் ஏழு மணிக்குத் தெருமுனையில் திரும்பும். முன்னால் பட்டாசு, தப்பாட்டம். அதுவரை ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் முண்டியடித்து முன்னே வருவார்கள். வேட்பாளர் திறந்த வேனில் நின்றபடி கும்பிடுவார். ஒன்றியச் செயலாளர் மைக்கில் சின்னத்தைச் சொல்லுவார். “ஐயா, எங்க தெருவுக்குத் தண்ணி வந்து பத்து நாளாச்சுங்க” என்று ஒரு அம்மா தொடங்கும்போதே வேன் நகர்ந்துவிடும்.

அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 1952-இல் ஒரு இடத்துக்குச் சராசரியாக மூன்றரை லட்சம் வாக்காளர்கள். 2024-இல் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரி 16 லட்சம். மாநிலத்தின் இடங்கள் 1967-இலிருந்து 39-இலேயே நிற்கின்றன. வேட்பாளர் இறுதிப் பட்டியல் மார்ச் 30-இல் வந்தது. பிரச்சாரம் ஏப்ரல் 17 மாலை ஓய்ந்தது. ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கு 18 நாள். எந்தத் திண்ணையில் உட்கார நேரமிருக்கிறது?

ஆனால் அன்றைய வாக்காளருக்குக் கிடைக்காத ஒன்று இன்று நம் கையில் இருக்கிறது: பிரமாணப் பத்திரம். உச்ச நீதிமன்றம் 2002-இலும் 2003-இலும் தந்த தீர்ப்புகளால் வந்தது. படிவம் 26 என்பார்கள். வேட்பாளர், மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்து, நகை, கடன், வருமானம், கல்வி, நிலுவையிலுள்ள வழக்குகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இடம் விட்டுவைத்தால் மனுவை நிராகரிக்கலாம் என்று 2013-இல் நீதிமன்றம் சொன்னது. வழக்கு உள்ளவர் அதை நாளிதழில் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும்.

இவ்வளவு இருந்தும் நடந்தது என்ன? 2024-இல் வென்ற 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள், 251 பேர் தங்கள் மேல் குற்ற வழக்கு உள்ளதாகச் சொன்னவர்கள் என்று ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் கணக்கெடுத்தது. முதல் தேர்தலில் 37 சுயேச்சைகள் மக்களவைக்குப் போனார்கள். 2024-இல் 7 பேர். ஒரு வேட்பாளர் செலவழிக்கலாம் என்று அனுமதித்த தொகை 25,000 ரூபாயிலிருந்து 95 லட்சத்துக்கு வந்திருக்கிறது; கட்சி செய்யும் செலவுக்கோ உச்சவரம்பே கிடையாது. 2019-இல் வேலூரில் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டுத் தேர்தலே ரத்தானதையும் பார்த்தோம். பணம் இல்லாத நல்லவருக்குக் கதவு குறுகிக்கொண்டே போகிறது. இதைச் சரிசெய்யக் கட்சிச் செலவுக்கும் வரம்பு வர வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த தேர்தலில் மனுத்தாக்கல் தொடங்கியதும், உங்கள் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வரும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளை விட்டுத் தரவிறக்கச் சொல்லுங்கள். சொத்துப் பக்கத்தையும் வழக்குப் பக்கத்தையும் உரக்கப் படிக்கச் சொல்லி, வீட்டில் எல்லோரும் கேளுங்கள். பிறகு ஓட்டுக் கேட்டு வருபவரிடம், வேன் நகர்வதற்கு முன், அதிலிருந்து ஒரு கேள்வியாவது கேளுங்கள்.