ஒரு கூடம், ஒரு சிலை

வார விடுமுறை வந்தால் கடற்கரை, திரையரங்கு, கடைவீதி என்று ஒரே நாளில் நாலு இடம் சுற்றுகிறோம். கால் வலிதான் மிஞ்சுகிறது. சென்னை நேயர்கள் இந்த வாரம் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் வரலாம், வெண்கலச் சிலைக் கூடத்தை மட்டும் பார்க்க. 1851-இல் தொடங்கிய பெரிய அருங்காட்சியகம் அது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்தால் எதுவும் மனதில் தங்காது. அந்தக் கூடத்தில், சிவன் பாதி பார்வதி பாதியாக நிற்கும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் சிலை முன் நின்று பாருங்கள். வலப்பக்கம் இரண்டு கைகள், இடப்பக்கம் ஒன்றே ஒன்று. வலது தொடையோடு நின்றுவிடும் ஆடை, இடது காலில் நீண்டு இறங்குகிறது. இரு பாதியும் வேறுவேறு. ஆனாலும் உடல் ஒன்றாகவே நிற்கிறது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது அக்காலச் சிற்பிகளின் முறை. அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே இதேபோல் இன்னொன்று கிடையாது.

குழந்தைகளுக்குச் சலிக்குமே என்பார்கள். விளக்கப் பலகையைப் படித்துக் காட்டினால் சலிக்கும்தான். "ஒரு பக்கம் மட்டும் ஏன் கை குறைவு?" என்று கேளுங்கள், விடை தேடி அவர்களே இடமும் வலமும் நகர்ந்து பார்ப்பார்கள். கைப்பேசியில் படம் பார்த்தால் போதாதா? படம் கேமரா நின்ற கோணத்தை மட்டுமே தரும். இடுப்பின் வளைவு நாம் ஓரடி நகர்ந்தால்தான் பிடிபடும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. சனி, ஞாயிறு திறந்திருக்கும். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை.