குடை ஒன்றே, அடிப்பக்கம் வேறு: காட்டுக் காளானை அறிவது எப்படி?

மழை விட்ட மறுநாள் புக்கிட் தீமா வனப்பகுதியில் நடப்போர், தடித்த காம்பும் பன் ரொட்டி போன்ற தொப்பியும் கொண்ட காளான்களைச் சில வேளைகளில் காணலாம். அவை ‘போலீட்’ வகையாக இருக்கக்கூடும்.

அடையாளம் தொப்பியின் அடியில்தான் இருக்கிறது. தேக்கா சந்தையில் வாங்கும் சிப்பிக் காளானைத் திருப்பினால் மெல்லிய தகடுகள் வரிசையாகத் தெரியும். போலீட்டில் தகடுகள் இல்லை. பஞ்சுபோல் நெருக்கமான நுண்துளைகளே இருக்கும். மரத்தில் ஒட்டி வளரும் கட்டைக் காளான்களுக்கும் துளைகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் கெட்டியானவை; போலீட் சதைப்பற்றானது.

சில போலீட்களை நறுக்கினால் சதை நீலமாக மாறும். உள்ளிருக்கும் நிறமிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிவதே காரணம். நீலமானால் நஞ்சு, நிறம் மாறாவிட்டால் நல்லது என்று கொள்ள முடியாது. பூச்சி அரித்த காளான் பாதுகாப்பானது, வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு என்பனவும் வெறும் நம்பிக்கைகளே.

பல போலீட்கள் குங்கிலிய இன மரங்களின் வேர்களோடு இணைந்து வாழ்கின்றன. மரத்துக்கு நீரும் தாதுச்சத்தும் சேர்த்துக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரையைப் பெறுகின்றன.

இவ்வட்டாரப் போலீட்களை ஆராய்ந்தவர் 1929ல் சிங்கப்பூர் பூமலையில் உதவி இயக்குநராகச் சேர்ந்த இ.ஜே.எச். கார்னர். அவரது ‘போலீட்டஸ் இன் மலேசியா’ நூல் 1972ல் வெளியானது.

இனம் காண்பது வல்லுநர்களுக்கே எளிதன்று. லண்டனில் விற்கப்பட்ட, சீனாவிலிருந்து வந்த உலர் போலீட் பொட்டலம் ஒன்றை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, அறிவியல் அதுவரை பெயரிடாத மூன்று இனங்கள் அதில் இருந்தது 2014ல் தெரியவந்தது.

ஊரில் இடி இடித்த மறுநாள் புற்றுக் காளான் பறித்துச் சமைத்த பழக்கம் பலருக்கு உண்டு. அந்த அனுபவம் இங்குள்ள காளான்களுக்குப் பொருந்தாது. பேட்டைப் புல்தரையில் முளைக்கும் வெள்ளைக் குடைக் காளான்களிலும் நச்சு வகை உண்டு. பூங்காக்களிலும் வனப்பகுதிகளிலும் அனுமதியின்றிப் பறிப்பது சட்டப்படி குற்றமும்கூட.

பறிக்காமலே அறிய ஒரு வழி உண்டு. கைப்பேசியைத் தரையோடு வைத்துத் தொப்பியின் அடிப்பக்கத்தைப் படமெடுங்கள். காம்பையும் அருகிலுள்ள மரத்தையும் சேர்த்து எடுங்கள்.

தவறி யாரேனும் உண்டுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சில நஞ்சுகளின் அறிகுறி தெரியவே ஆறு மணி நேரத்துக்கு மேலாகலாம். எஞ்சிய காளானுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நிலைமை மோசமானால் 995ஐ அழையுங்கள்.